குளிர்நீரைத் தேடும் கைமீரா: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சுறா, திருக்கை ஆகியவற்றின் கசியிழைய வன்கூட்டைப் பற்றி எழுதியபோது, அவற்றின் தூரத்து உறவான கைமீரா மீனைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்திருந்தோம். அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் இறங்கிப் போகவேண்டிய ஊர்களிலிருந்து ஒரு கடல்மீனைப் பற்றி இத்தனை கேள்விகள் வந்தது மனதுக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அந்த மீனுக்கே.

கைமீராக்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆழ்கடலில் வாழ்வதால் அவற்றின் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது சொற்பமே. கரையோரத்துக்கு வரும் வழக்கமுள்ள ஓர் இனம் மட்டும் ஆய்வாளர்களின் கண்ணிலும் கையிலும் அடிக்கடி அகப்பட்டிருக்கிறது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் புள்ளிக் கைமீராதான் அது. அதன் விஞ்ஞானப் பெயர் ஹைட்ரோலாகஸ் கோலியை. கீழே வேறு இனத்தைக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் பேசப்படுவது இந்த மீனே.

கேள்வி: ஐயா, கைமீரா சுறாவா, இல்லையா? கசியிழைய மீன்கள் என்று எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் சேர்த்துப் படிக்கிறோம். படத்தில் பார்த்தால் சுறாவைப் போலவும் இல்லை, மற்ற மீன்களைப் போலவும் இல்லை. (உயர்தர உயிரியல் மாணவி, ஹட்டன்)

பதில்: சுறா இல்லை, மகள். ஆனால் நீங்கள் படிக்கும் வகைப்பாட்டில் பிழையும் இல்லை. கசியிழைய மீன்கள் என்ற வகுப்புக்குள் இரண்டு பெரிய கிளைகள் இருக்கின்றன. சுறாக்களும் திருக்கைகளும் ஒரு கிளை, கைமீராக்கள் மற்றக் கிளை. இவ்விரண்டும் பிரிந்து ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பிரிவு நிகழ்ந்த காலத்தில் தரையில் நான்கு கால் விலங்கு ஒன்றுகூட இருக்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது: உங்கள் பாடசாலை நிற்கின்ற மலையின் பாறை அதற்கும் முந்தியது.

இரண்டு கிளைக்கும் பொதுவானவை பல. வன்கூடு எலும்பால் அன்றிக் கசியிழையத்தால் ஆனது. காற்றுப்பை இல்லை, எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலே உடலை மிதக்க வைக்கிறது. கருக்கட்டல் உடலுக்குள்ளே நடைபெறுகிறது. ஆணின் இடுப்புச் செட்டைகளின் ஓரத்தில் அதற்கான பற்றுறுப்புகள் இருக்கின்றன.

வேறுபாடுகளைத் தலையிலிருந்து தொடங்கிப் பார்ப்பது எளிது. சுறாவின் மேல்தாடை மண்டையோட்டுடன் தளர்வாகத் தொங்குகிறது, ஆகவே கடிக்கும்போது அது தாடையை முன்னே நீட்டும். கைமீராவின் மேல்தாடையோ மண்டையோட்டுடன் ஒன்றாக உருகிச் சேர்ந்துவிட்டது. சுறாவின் வாயில் பற்கள் வரிசை வரிசையாக முளைத்து விழுந்துகொண்டே இருக்கும். கைமீராவின் வாயில் மூன்று சோடிப் பற்தகடுகள் மட்டுமே உள்ளன, மேலே இரண்டு சோடி, கீழே ஒரு சோடி. அவை விழுவதில்லை, தேயத்தேய வளர்ந்துகொண்டிருக்கும். முன்னால் துருத்தி நிற்கும் அந்தத் தகடுகளால் முகத்துக்கு முயலின் சாயல் வந்துவிட்டது. சுறாவின் கழுத்துப் பக்கத்தில் ஐந்து முதல் ஏழு பூப்பிளவுகள் வெளியே தெரியும். கைமீராவுக்கு உள்ளே நான்கு பிளவுகள் இருந்தாலும், மென்மையான தோல்மூடி ஒன்று அவற்றை மறைத்திருப்பதால் பக்கத்துக்கு ஒரு துவாரம் மாத்திரமே தெரிகிறது. சுறாவின் தோல் அரத்தாள் போலச் சுரசுரக்கும். கைமீராவின் தோலில் செதிலே இல்லை.

நிறத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. செம்பழுப்பும் வெண்கலமும் கலந்த முதுகு, அதன்மேல் வெண்புள்ளிகள், வெள்ளி வயிறு. வெளிச்சம் பட்டால் பொன்னும் பச்சையும் நீலமும் அதன்மேல் ஓடும். கண்கள் மிகப் பெரியவை. விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் விளக்கொளியில் அவை மரகதப் பச்சையாக ஒளிரும். உடலின் ஏறக்குறைய அரைவாசி, சாட்டைபோல் மெலிந்து செல்லும் வால்தான். பெரியவை ஒரு மீற்றரை நெருங்கும். பெரும்பாலானவை 60 சென்ரிமீற்றருக்கு உட்பட்டவை. பெண்கள் ஆண்களைவிடப் பெரியவை. சுறா வாலை வீசி நீந்துகிறது, கைமீராவோ அகன்ற மார்புச் செட்டைகளை மேலும் கீழுமாக அடித்து, பறவை பறப்பதைப் போல அடிமண்ணுக்குச் சற்று மேலே மெல்ல நகர்கிறது.

கேள்வி: இந்த மீனை ஓரிடத்தில் ஆழ்கடல் மீன் என்றும் இன்னோரிடத்தில் கரையோர மீன் என்றும் வாசித்தேன். இரண்டில் எது சரி? இலங்கைக் கரைகளில் இதைக் காண முடியுமா? (புவியியல் ஆசிரியர், பண்டாரவளை)

பதில்: இரண்டுமே சரி. இந்த மீனைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் உங்கள் கேள்வியில்தான் இருக்கிறது.

அலாஸ்காவின் தென்கிழக்கிலிருந்து மெக்சிக்கோவின் பாகா கலிபோர்னியா வரை இது பரவியிருக்கிறது. கலிபோர்னியா வளைகுடாவின் வடபகுதியில் தனித்த ஒரு கூட்டமும் உண்டு. கரையை ஒட்டிய ஆழமற்ற நீரிலிருந்து 900 மீற்றருக்கும் அதிகமான ஆழம் வரை இது பிடிபட்டிருக்கிறது. இவ்வளவு அகன்ற வீச்சில் ஓர் ஒழுங்கு தெரிகிறது: வடக்கே போகப்போக இது கரைக்கு அருகே காணப்படுகிறது, தெற்கே வரவர ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அதாவது, இந்த மீன் ஆழத்தைப் பார்த்து இடம் தேடுவதில்லை, நீரின் குளிரைப் பார்த்தே தேடுகிறது. 7 முதல் 9 பாகை செல்சியஸ் வரையான நீரே இதற்கு மிகவும் உகந்தது என்று குறிப்பிடப்பட்டுள்ளது. வடக்கில் அந்தக் குளிர் கரையருகிலேயே கிடைக்கிறது. தெற்கில் அதற்காக இறங்க வேண்டியிருக்கிறது.

மலையக மக்களுக்கு இதை விளக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. லீக்ஸும் கரட்டும் குளிர்நாடுகளில் சமவெளியிலேயே விளைகின்றன. நம் நாட்டில் அவற்றுக்கு நுவரெலியா வரை ஏற வேண்டும். பயிருக்கு உயரம் எப்படியோ, இந்த மீனுக்கு ஆழம் அப்படி. இலங்கைக் கரையோரத்தில் மேற்பரப்பு நீர் ஆண்டு முழுவதும் 27 முதல் 30 பாகை வரை வெதுவெதுப்பாக இருக்கிறது. கைமீராவுக்கு ஏற்ற குளிர் வேண்டுமானால் இங்கே பல நூறு மீற்றர் இறங்க வேண்டும். ஆகவே காலிமுகத்திடலிலோ நிலாவெளியிலோ நின்று கைமீராவைப் பார்க்க வழியில்லை. புள்ளிக் கைமீரா இந்து சமுத்திரத்தில் வாழ்வதும் இல்லை. ஆனால் வேறு கைமீரா இனங்கள் நமது அயலில் ஆழத்தில் வாழ்கின்றன. நியோஹரியோட்டா பினாட்டா என்னும் நீண்ட மூக்குடைய இனம் கேரளக் கரைக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் இழுவை வலைகளில் அகப்படுகிறது.

புள்ளிக் கைமீராவை நெருங்கிக் காண உகந்த இடம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பியூஜெட் சவுண்ட் என்னும் கடல்நீர்க் குடா. பனியாறுகள் குடைந்த ஆழமான அந்தக் குடாவின் அடியில் மண்ணும் மணலும் சரளைக்கற்களும் பரந்து கிடக்கின்றன; அங்கே மிக அதிகமாகக் காணப்படும் மீன்களில் இதுவும் ஒன்று. பகலில் ஆழத்தில் தங்கி, இரவில் உணவுக்காக ஆழமற்ற நீருக்கு ஏறி வருவதால், இரவில் மூழ்கும் சுழியோடிகளின் விளக்கொளியில் அந்தப் பச்சைக் கண்கள் தென்படும். பருவத்துக்கு ஏற்பவும் இது இடம் மாறுகிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கரைக்கு அருகே வருகிறது, கோடையிலும் குளிர்காலத்திலும் ஆழத்தை நாடுகிறது. கூட்டமாகச் சேரும்போது பாலுக்கும் பருமனுக்கும் ஏற்பப் பிரிந்திருப்பதும் உண்டு.

கேள்வி: எங்கள் ஊர்ச் சந்தையில் சுறாக் கருவாடு என்று விற்கிறார்களே, அதில் இந்த மீனும் கலந்திருக்குமா? (வாசகி, தலவாக்கலை)

பதில்: கவலைப்பட வேண்டாம், அம்மா. மலைநாட்டுக்கு லொறியில் ஏறிவரும் சுறாக் கருவாடு சுறாக்களிலிருந்தும், சில வேளை திருக்கையிலிருந்தும் செய்யப்படுவது. தோலோடு இருக்கும் துண்டை எடுத்து, வால்பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள். சுறாவாக இருந்தால் விரல் சிக்கிச் சிக்கிச் செல்லும். அதன் தோலில் பதிந்துள்ள நுண்ணிய பல்வடிவச் செதில்களே அதற்குக் காரணம். கைமீராவின் தோலில் அந்தத் தடை இருக்காது. நியூசிலாந்தில் கைமீரா இனம் ஒன்றை மக்கள் விரும்பி உண்கிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறோம். பொரித்த மீனும் உருளைக்கிழங்குச் சீவலும் விற்கும் கடைகளில் அது சாதாரணமாகக் கிடைக்கும்.

கேள்வி: ஆண் கைமீராவின் நெற்றியில் பல் முளைக்கிறது என்று கேள்விப்பட்டேன். பல் வாயில்தானே முளைக்க வேண்டும்? இது உண்மையா? (மாணவன், பதுளை)

பதில்: உண்மை. இந்தப் பக்கத்தில் வேறெந்தக் கேள்விக்கும் தருவதைவிட அதிக இடத்தை இதற்குத் தருகிறோம், ஏனெனில் முள்ளந்தண்டுள்ள விலங்குகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த செய்திகளில் இதைப்போல் வியப்பளிப்பவை மிகச் சிலவே.

வளர்ந்த ஆண் மீனின் இரண்டு கண்களுக்கும் இடையே, நெற்றியில் ஒரு பள்ளத்துக்குள், சிறிய வெண்ணிற உறுப்பு ஒன்று மடிந்து கிடக்கும். ஓய்வாக இருக்கும்போது அது தலையில் ஒட்டிய ஒரு கடலை விதை அளவே தெரியும். மீன் அதை நிமிர்த்தும்போதுதான் அதன் உண்மையான வடிவம் வெளிப்படுகிறது. கசியிழையத்தாலான சிறு தண்டு, அதன் நுனி குண்டாகத் தடித்து முன்னே வளைந்திருக்கும். அந்தத் தடித்த நுனியின் அடிப்பக்கத்தில் ஏழு எட்டு வரிசையாகக் கொக்கி வடிவக் கூர்கள் நிற்கும். தாடையை அசைக்கும் தசைகளோடு தொடர்புள்ள தசைகளே இந்தத் தண்டையும் நிமிர்த்தி மடக்குகின்றன.

இதன் பயன் என்ன என்பது முன்னரே தெரிந்திருந்தது. கைகால் இல்லாத மீன்கள் நீரில் மிதந்தபடி இணைசேரும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். சுறா தன் வாயாலேயே பெண்ணின் செட்டையைக் கவ்விக்கொள்ளும். முயற்பல் போன்ற தகடுகளை உடைய கைமீராவால் அப்படிக் கவ்விப் பிடிக்க இயலாது. ஆகவே ஆண் தன் நெற்றிக் கொக்கியால் பெண்ணின் மார்புச் செட்டையைப் பற்றிக்கொள்கிறது. இடுப்புச் செட்டைக்கு முன்னால் உள்ள இன்னொரு சோடிப் பற்றுறுப்புகளும் இதற்கு உதவுகின்றன. போட்டிக்கு வரும் வேறு ஆண்களை மிரட்டவும் நெற்றித் தண்டு பயன்படுகிறது.

தீராமல் இருந்த கேள்வி, அந்தக் கொக்கிகள் என்ன என்பதுதான். சுறாவின் உடல் முழுவதும் பல்லை ஒத்த நுண்செதில்கள் இருப்பதால், கைமீராவின் நெற்றிக் கூர்களும் அப்படிப் பெரிதாகிவிட்ட தோற்செதில்களே என்று பலரும் எண்ணினார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் ஆய்வாளர்கள் பியூஜெட் சவுண்டில் பிடித்த மீன்களை நுண்கதிர்ப்படம் எடுத்து, இளம் பருவத்திலிருந்து முதிர்ந்த பருவம் வரை அந்த உறுப்பு எப்படி வளர்கிறது என்று படிப்படியாகப் பார்த்தார்கள். 2025 செப்டெம்பரில் வெளியான முடிவு இது: அவை உண்மையான பற்களே. வாயில் பல் உருவாவதற்கு முன் ஈறுப் பகுதியில் ஒரு மெல்லிய இழையப் பட்டை தோன்றும், அதிலிருந்தே பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். அந்தப் பட்டை வாய்க்கு வெளியே, நெற்றியில், இருப்பதை அவர்கள் கண்டார்கள். தோற்செதில்களோடு அன்றிப் பற்களோடு தொடர்புடைய மரபணுக்கள் அங்கே இயங்குவதையும் கண்டார்கள். ஏறத்தாழ 31.5 கோடி ஆண்டு பழைமையான ஹீலோடஸ் என்னும் உறவு மீனின் உயிர்ச்சுவட்டையும் ஒப்பிட்டார்கள். அதிலும் மேல்தாடைக்கு முன்னே நீண்ட தண்டொன்றில் பற்கள் இருந்தன. வாயருகே தொடங்கிய பல்வரிசை காலப்போக்கில் நெற்றிக்கு இடம் மாறியிருக்கிறது என்ற கருத்துக்கு அது வலுச் சேர்க்கிறது.

பெண் மீனிலும் இளமையில் இந்த உறுப்பு அரும்பத் தொடங்குகிறது. ஆனால் அது பல் தாங்கும் தண்டாக முழுமையடைவதில்லை. தம்பி, பல் வாயில்தானே முளைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டது வெகுளித்தனமான கேள்வி அன்று. இந்த மீனைப் பார்க்கும் வரை உடற்கூற்று நூல்களும் அதையே எடுத்துக்கொண்டிருந்தன.

கேள்வி: வயிறு இல்லாத மீன் என்று சொல்கிறார்களே, பின் எப்படிச் சாப்பிடுகிறது? (வாசகர், வட்டவளை)

பதில்: இரைப்பைதான் இல்லை, உணவு தொண்டையிலிருந்து நேரே குடலுக்குச் செல்கிறது. இரைப்பைச் செரிமானத்துக்குத் தேவையான அமிலத்தையும் பெப்சினையும் உண்டாக்கும் மரபணுக்களைக் கைமீராக்களின் கிளை இழந்துவிட்டது. குடலுக்குள் சுருள்படி போன்ற மடிப்பு ஒன்று இருப்பதால், குறுகிய நீளத்திலும் உணவு நெடுநேரம் சுற்றிச் சென்று உறிஞ்சப்படுகிறது. அரைக்கும் வேலை வாயிலேயே முடிந்துவிடுகிறது. நண்டு, இறால், சிப்பி, புழு, கடல் நட்சத்திரங்களின் உறவான மெல்லிய கைகளுள்ள பாம்பு நட்சத்திரம், சிறு மீன் ஆகியவற்றைப் பற்தகடுகளால் நொறுக்கி உண்கிறது. மண்ணில் புதைந்திருப்பவற்றை மணத்தாலும், உயிருள்ள உடலிலிருந்து கசியும் மெல்லிய மின்புலத்தைத் தலையிலுள்ள நுண்துளைகளால் உணர்ந்தும் கண்டுபிடிக்கிறது.

கேள்வி: இதன் முள் குத்தினால் ஆள் பிழைக்க மாட்டார் என்று ஒருவர் சொன்னார். அவ்வளவு கடுமையான விஷமா? (தோட்ட வைத்திய உதவியாளர், மஸ்கெலியா)

பதில்: அப்படி இல்லை. முதலாவது முதுகுச் செட்டைக்கு முன்னே நிமிர்ந்து நிற்கும் ஒரு வலிய முள்ளில் விஷ இழையம் இருப்பது உண்மைதான். குத்தினால் கடுமையாக வலிக்கும், காயம் வீங்கும். ஆனால் மனிதர் உயிருக்கு ஆபத்தானதாக அது கருதப்படுவதில்லை. மீனவர்களும், வலையிலிருந்து மீனை எடுப்பவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டியவர்கள். கையை வாயருகே கொண்டுபோனால் பற்தகடுகளாலும் நன்றாகக் கடித்துவிடும்.

விழுங்கும் விலங்குகளுக்கு இந்த முள் உயிரை வாங்கியிருக்கிறது. வாஷிங்டன் மாநிலக் கடற்பகுதியில் இறந்து கிடந்த சீல்களை அறுத்துப் பார்த்தபோது, அவை விழுங்கிய கைமீராவின் முள் உள்ளுறுப்புகளைத் துளைத்திருந்தது பதிவாகியுள்ளது. அப்படியிருந்தும் ஆறு பூப்பிளவுள்ள பெரிய சுறா, முள்நாய்ச்சுறா, ஹலிபட் போன்றவை இதை உண்ணத்தான் செய்கின்றன.

உங்கள் பணிக்குப் பயன்படும் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். மலையகத்திலிருந்து கரையோர ஊர்களுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் கைமீராவைக் காணப்போவதில்லை என்றாலும், திருக்கை முள்ளும் கெளிற்று முள்ளும் அவர்களைக் குத்தலாம். மீன்முள் விஷத்துக்கு முதலுதவி எல்லா இடத்திலும் ஒன்றே. குத்திய இடத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 பாகைக்கு மேற்படாத வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி வெகுவாகத் தணியும். வலியால் மரத்த காலுக்குச் சூடு தெரியாது, ஆகவே நீரின் சூட்டை வேறொருவர் தம் கையால் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு முள் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்கவும், ஏற்புவலித் தடுப்பூசிக்கும் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

கேள்வி: கைமீரா குட்டி போடுமா, முட்டையிடுமா? தாய் காவல் காக்குமா? (ஆரம்பப் பிரிவு ஆசிரியை, புசல்லாவ)

பதில்: எல்லாக் கைமீராக்களும் முட்டையிடுபவையே. புள்ளிக் கைமீராவின் முட்டை, கோழி முட்டையைப் போல ஓடுள்ளது அன்று. பதனிட்ட தோலை ஒத்த உறைக்குள் இருப்பது. ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் நீளம், ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய நூற்கதிர் வடிவம், நெடுக ஓடும் வரம்புகள், ஓரத்தில் மெல்லிய விளிம்பு. கரையில் ஒதுங்கிய வெற்றுறையை முதன்முறை காண்பவர் ஏதோ மரத்தின் உலர்ந்த காய் என்றே நினைப்பார்.

ஒரு நேரத்தில் இரண்டு முட்டைகள் வெளிவரும், முட்டைக்கான் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று. அவை வெளிவருவதும் இலேசில் முடிவதில்லை. பல மணி நேரம், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகும். வெளிவந்த பிறகும் உடனே பிரிவதில்லை. மெல்லிய இழைகளால் தாயின் உடலில் தொங்கியபடி சில நாட்கள் இரண்டும் கூடவே இழுபட்டுச் செல்லும். பின்னர் மண்ணிலோ சரளையிலோ ஊன்றப்பட்டு நிற்கும். அதோடு தாயின் பங்கு முடிகிறது. காவல் இல்லை, ஊட்டலும் இல்லை. தாய் கொடுத்துச் சென்ற மஞ்சட்கருவை உண்டு முளையம் உள்ளேயே வளர்கிறது. உறையிலுள்ள நுண்பிளவுகள் வழியே கடல்நீர் உள்ளே சென்று ஒட்சிசனைக் கொடுக்கிறது. குளிர்நீரில் வளர்ச்சி மெதுவாகவே நடப்பதால் குஞ்சு வெளிவர ஓராண்டு வரை ஆகலாம். வெளிவரும் குஞ்சு ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் நீளமானது, தாயின் வடிவத்தை அப்படியே கொண்டது, அன்றே தன் இரையைத் தானே தேடவேண்டியது.

ஓராண்டு வரை அடிமண்ணில் அசையாமல் நிற்கும் முட்டைமீது இழுவை வலை ஒன்று உருண்டு சென்றால் என்ன ஆகும் என்பதை உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். இந்த மீன் கூட்டங்களுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: கைமீராவை "வாழும் உயிர்ச்சுவடு" என்று எழுதுகிறார்கள். கூர்ப்பில் பின்தங்கி நின்றுவிட்ட விலங்கு என்று இதைக் கொள்ளலாமா? (ஓய்வுபெற்ற அதிபர், நாவலப்பிட்டி)

பதில்: மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, அப்படிக் கொள்ளக்கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. அந்தச் சொல் இந்த மீனுக்கு அநீதி செய்கிறது.

அந்தச் சொல்லுக்குச் சார்பான சான்று ஒன்றை முதலில் ஒப்புக்கொள்கிறோம். தென் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து கரைகளில் வாழும் யானைமீன் என்ற கைமீரா இனத்தின் மரபணுத்தொகுதி 2014 இல் முழுமையாக வெளியிடப்பட்டது. அதுவரை ஆராயப்பட்ட முள்ளந்தண்டு விலங்குகள் எல்லாவற்றிலும் மிக மெதுவாக மாறியிருப்பது அதன் மரபணுத்தொகுதியே என்று அந்த ஆய்வு காட்டியது. முட்டையிடும் பருவத்தில் ஆழமற்ற குடாக்களுக்கு வருவதால் அதையும் எளிதாகப் பிடித்து ஆராய முடிந்தது. இதை வைத்துக்கொண்டுதான் பலரும் "மாறாத மீன்" என்று எழுதத் தொடங்கினார்கள்.

ஆனால் மரபணுத்தொகுதியின் எழுத்துகள் மெதுவாக மாறுவதும் உடல் மாறாமல் இருப்பதும் ஒன்றல்ல. அதே கிளை தன் இரைப்பையை முற்றாக விட்டுவிட்டது. விலா எலும்புக்கு நிகரான பகுதியையும் விட்டது, தோற்செதிலை ஏறக்குறைய முழுவதும் விட்டது, பல்வரிசையைத் தகடாக்கியது, இன்னொரு பல்வரிசையை நெற்றிக்கு ஏற்றியது. யானைமீனோ தன் மூக்கையே கலப்பை வடிவில் நீட்டி, மண்ணுக்குள் மறைந்திருக்கும் இரையின் மின்புலத்தை உணரும் கருவியாக்கியிருக்கிறது. பின்தங்கி நின்ற விலங்கு இத்தனையும் செய்யாது. புள்ளிக் கைமீராவின் ஒவ்வோர் உறுப்பையும் அது வாழும் இடத்தோடு சேர்த்துப் பாருங்கள்: மங்கிய ஒளிக்குப் பெரிய கண், மென்மையான அடிமண்ணுக்கு மேலே அலையாமல் நகரச் செட்டைச் சிறகு, ஓட்டுடலிகளை நொறுக்கத் தகடு, குளிரில் செலவைக் குறைத்து மிதக்க எண்ணெய் ஈரல். அந்த இடத்தில் வாழ்வதற்கு இதைவிடப் பொருத்தமாக ஓர் உடலைக் கற்பனை செய்வது கடினம்.

உங்கள் மாணவர்களுக்குச் சொல்வதற்கு ஒரு வரலாற்றுக் குறிப்பும் இருக்கிறது. இந்த இனத்தின் பெயரிலுள்ள கோலி என்பவர் அலெக்சாண்டர் கோலி. 1825 முதல் 1828 வரை பசிபிக் சமுத்திரத்தில் சுற்றிவந்த பிளொசம் என்ற பிரித்தானியக் கப்பலின் சத்திரசிகிச்சையாளரும் இயற்கையியலாளருமான அவர் 1835 இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் காலமானார். அவர் பெயர் தாங்கிய இந்த மீனின் விஞ்ஞான விவரணம் 1839 இல்தான் வெளிவந்தது.

கேள்வி: இந்த மீன் அழியும் நிலையில் இருக்கிறதா? (மாணவி, இராகலை)

பதில்: புள்ளிக் கைமீரா இப்போது ஆபத்தில் இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது குறைந்த கரிசனைக்குரிய இனமாகவே இடம்பெற்றுள்ளது. அதை உணவுக்காக எவரும் தேடிப் பிடிப்பதில்லை. முன்னொரு காலத்தில் அதன் ஈரல் எண்ணெயைத் துப்பாக்கிகளுக்கும் நுண்கருவிகளுக்கும் மசகாகப் பயன்படுத்தினார்கள். அந்தத் தேவையும் மறைந்துவிட்டது. வேறு மீனுக்கு விரிக்கும் இழுவை வலையில் அகப்படுவதே இன்று அதற்கு நேரும் பெரிய இழப்பு.

எல்லாக் கைமீராவுக்கும் இந்த நிம்மதி இல்லை. கேரளக் கடலின் ஆழத்தில் வாழும், மேலே குறிப்பிட்ட நீண்ட மூக்கு இனம் ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கப்படுகிறது. சுறா, திருக்கை, கைமீரா மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்ட 2021 ஆம் ஆண்டின் உலக மதிப்பீடு, அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவை நோக்கித் தள்ளப்பட்டுள்ளன என்று கூறியது. மிகைப் பிடிப்பே முதன்மைக் காரணம். தாமதமாக முதிர்ந்து, இரண்டிரண்டாக முட்டையிட்டு, குஞ்சு வர ஓராண்டு காத்திருக்கும் விலங்குகள் நெத்தலியையும் சாளையையும் போல விரைவில் பெருகி இழப்பை ஈடுசெய்யா.

கேள்வி: கடலே இல்லாத ஊரில், அருங்காட்சியக வசதியும் இல்லாமல், இதை மாணவர்களுக்கு எப்படிச் செய்து காட்டலாம்? (விஞ்ஞான ஆசிரியர், வெலிமடை)

பதில்: கைமீரா கிடைக்காது, ஆனால் அதன் உறவுகள் உங்கள் சந்தைக்கு வருகின்றன. மீன்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, வெட்டாத சிறிய சுறா ஒன்றின் தலையையும், கிடைத்தால் திருக்கையின் தலையையும் ஐஸில் வைத்து எடுத்துவாருங்கள். கசாப்புச் சுறா எனப்படும் நீண்ட வாற்சுறாக்களைப் பிடிப்பது 2012 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டிருப்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். சுறாவில் பூப்பிளவுகளை எண்ணச் செய்யுங்கள். திருக்கையில் அவை வயிற்றுப் பக்கத்துக்கு இறங்கியிருப்பதைப் பார்க்கச் செய்யுங்கள். மேல்தாடையை இரண்டு விரலால் பிடித்து முன்னே இழுத்தால் அது மண்டையோட்டிலிருந்து விலகி வரும். கைமீராவில் அது வராது என்று அந்த இடத்தில் சொன்னால் மாணவர் மறக்கமாட்டார்கள். மூக்கின் அடிப்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து மெல்ல அழுத்தினால், மின்புலம் உணரும் நுண்துளைகளிலிருந்து தெளிந்த பசை சிறு துளிகளாக எழும். கைமீராவின் தலையிலும் இதே துளைகள்தான் உள்ளன. கைக்கண்ணாடி ஒன்று இருந்தால் இதற்குப் போதும். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சுறாவின் பல் இறந்த பிறகும் கீறும்.